பனியனில் புத்தர்: எதை வரைவது, எதை விடுவது?

2019 மே மாதம். இலங்கையில் ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கண்டி மாவட்டத்தின் ஹசலக பகுதியில் ஒரு முஸ்லிம் பெண்ணைப் போலீஸ் கைது செய்தது. அவர் உடுத்தியிருந்த ஆடையில் சக்கரம் அச்சிடப்பட்டிருந்தது. அது தர்மசக்கரம், அதை உடுத்தி பௌத்தத்தை அவமதித்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. இரண்டு வாரங்களுக்கு மேல் உள்ளே இருந்துவிட்டுத்தான் ஜாமீனில் வெளியே வந்தார். உண்மையில் அந்த ஆடையில் இருந்தது கப்பலைத் திருப்பும் சுக்கான் சக்கரம்! பின்னாளில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்புச் சொன்னது.

இந்தப் பக்கம் இப்படி. அந்தப் பக்கம் காத்மாண்டுவின் தமேல் கடைவீதிக்குப் போனால், தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே சுயம்புநாதர் ஸ்தூபியின் அகன்ற கண்களை டி-ஷர்ட்டில் எம்பிராய்டரி போட்டுத் தருகிறார்கள். பாங்காக்கின் காவோ சான் சாலையிலும் கோவாவின் கடற்கரைக் கடைகளிலும் புத்தர் முகம் போட்ட பனியன்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. ஓரிடத்தில் சிறை, ஓரிடத்தில் தள்ளுபடி விற்பனை.

நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பவர் டிசைனர். பௌத்தத்தின் மேல் உண்மையான ஈர்ப்போடு, அதைத் தன் கலையில் கொண்டுவர விரும்பும் டிசைனருக்கு முன்னால் ஒரு வெற்றுப் பனியன் இருக்கிறது. அதில் எதை வரைவது? இந்தக் கேள்விக்கு 2,000 ஆண்டுகளுக்கு மேலாகப் பதில்கள் வந்தபடி இருக்கின்றன. பல பதில்களில் புத்தரின் முகமே இல்லை.

முகத்தின் சிக்கல்

புத்தர் முகத்தைப் போட்டால் வரும் தொல்லைகளுக்குப் பட்டியலே உண்டு. 2014 ஏப்ரலில் கையில் தாமரை மேல் அமர்ந்த புத்தரைப் பச்சை குத்தியிருந்த பிரிட்டிஷ் செவிலியர் ஒருவர் கொழும்பு விமான நிலையத்தில் தடுக்கப்பட்டு, நாடு கடத்தப்பட்டார். தானும் பௌத்தத்தை மதிப்பவர்தான் என்று அவர் சொன்னது எடுபடவில்லை. 2017-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் அவருக்கு நஷ்டஈடு வழங்க உத்தரவிட்டது. மியான்மரில் கதை இன்னும் கடுமை. 2014 டிசம்பரில் யாங்கோன் நகர மதுக்கூடம் ஒன்று, ஹெட்போன் மாட்டிய புத்தர் படத்தை ஃபேஸ்புக்கில் விளம்பரமாகப் போட்டது. நியூசிலாந்துக்காரரான அதன் மேலாளருக்கும் அவரோடு இருந்த இரண்டு மியான்மர்காரர்களுக்கும் இரண்டரை ஆண்டு கடுங்காவல். தாய்லாந்தில் சாலையோரம் நிற்கும் பெரிய பலகைகளே சுற்றுலாப் பயணிகளுக்குப் பாடம் நடத்துகின்றன: புத்தர் அலங்காரப் பொருள் அல்ல, பச்சை குத்திக்கொள்ளும் சித்திரமும் அல்ல.

சட்டத்தை ஒதுக்கிவிட்டுக் கலையாகப் பார்த்தாலும் முகம் சிக்கல்தான். மூடிய கண்கள், மெல்லிய புன்னகை, சுருள் முடி: இந்த மூன்றும் ஸ்பா வாசலிலிருந்து ஊதுபத்தி டப்பா வரை ஏறி இறங்கி, ‘இங்கே அமைதி கிடைக்கும்’ என்ற வணிகச் சின்னமாகிவிட்டன. 2002-ல் தொடங்கிய ‘ட்ரூ ரிலிஜியன்’ என்ற அமெரிக்க ஜீன்ஸ் நிறுவனத்தின் இலச்சினையில் தொந்தி புத்தர் கிட்டார் வாசிக்கிறார். அந்தத் தொந்திக்காரர் கபிலவஸ்துவில் வளர்ந்த கௌதமரே அல்ல. பை தூக்கித் திரிந்த புதாய் என்ற சீனத் துறவி. ஜப்பானில் ஹோதேய். நம் ஊர் ஹோட்டல் கல்லாவில் வயிற்றைத் தடவிவிட்டுக் காசு வாங்கும் ‘லாஃபிங் புத்தா’ இவர்தான். முகத்தை நம்பி வரைந்தால் யாருடைய முகம் என்பதே குழம்பிப்போகிறது.

ஆளில்லாத குதிரை

முகமே இல்லாமல் புத்தரைச் சொல்ல முடியுமா? முடியும் என்று கல்லில் காட்டியவர்கள் சாஞ்சியின் சிற்பிகள்.

சாஞ்சிப் பெரிய ஸ்தூபியின் கிழக்குத் தோரண வாயிலில், நடு உத்தரத்தில், சித்தார்த்தன் அரண்மனையை விட்டு வெளியேறும் காட்சி இருக்கிறது. கந்தகன் என்ற குதிரை கோட்டை வாசலிலிருந்து புறப்படுகிறது. அதே குதிரை ஒரே பலகையில் திரும்பத் திரும்ப முன்னேறி வருகிறது, இன்றைய காமிக்ஸ் கட்டங்களைப் போல. குதிரையின் மேல் யாரும் இல்லை. ஆனால் காலியான அந்த முதுகுக்கு மேல் ஒருவர் குடை பிடித்தபடி வருகிறார். பலகையின் வலது கோடியில் இரண்டு பெரிய பாதச் சுவடுகள். குடை இப்போது அவற்றின் மேல் நிற்கிறது. குதிரைக்காரன் சந்தகன் மண்டியிட்டிருக்கிறான். கீழே குதிரை திரும்பி நடக்கிறது, குடை இல்லாமல். இளவரசன் போய்விட்டான் என்பதைச் சொல்ல ஒரு குடையின் இடமாற்றம் போதுமாக இருந்திருக்கிறது.

இந்தக் கலையைப் பார்க்க மத்தியப் பிரதேசம் வரை போகவேண்டியதில்லை. ஆந்திரத்தின் அமராவதி ஸ்தூபியிலிருந்து வந்த பளிங்குச் சாயல் சுண்ணாம்புக்கல் பலகைகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. காலி இருக்கை, அதன்மேல் ஒரு மெத்தை, பின்னால் போதிமரம், கீழே சக்கரம் பொறித்த பாதங்கள், இருபுறமும் கைகூப்பிக் குனியும் கூட்டம். எல்லோரும் வணங்கும் அந்த நடுவிடத்தில் ஆள் மட்டும் இல்லை.

ஏன் இப்படிச் செய்தார்கள்? உருவம் கூடாது என்ற எண்ணமா, அல்லது புனிதத் தலங்களில் பிற்காலத்தில் நடந்த வழிபாட்டையே செதுக்கினார்களா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். காந்தாரத்திலும் மதுராவிலும் மனித உருவப் புத்தர் பரவலானது பொது ஆண்டு முதல் நூற்றாண்டு வாக்கில்தான். டிசைனருக்கு இந்த விவாதத்தின் முடிவு தேவையில்லை. ஒரு காலியிடத்தை வரைந்து, பார்ப்பவரையே அதை நிரப்பவைக்கும் உத்தி அவருக்குப் போதும். ‘நான்’ என்று நிலையாக ஒன்றும் இல்லை என்ற போதனைக்குக் காலி இருக்கையை விடப் பொருத்தமான படம் எது? அதையும் ஒரு மனிதரின் நெஞ்சின் மேல் அச்சடித்தால், உள்ளே உட்கார்ந்திருப்பது யார் என்ற கேள்வி தானாக எழும்.

வயலைப் பார்த்துத் தைத்தவர்

படத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். துணியைப் பற்றி? பௌத்தத்தின் முதல் ஆடை வடிவமைப்பாளர் என்று ஒருவரைச் சொல்லவேண்டுமானால், அவர் புத்தரின் அணுக்கச் சீடர் ஆனந்தர்.

துறவிகளுக்கான விதிநூலான வினயபிடகத்தின் மகாவக்கத்தில் இந்தக் கதை வருகிறது. ராஜகிருகத்திலிருந்து தெற்கே நடந்துபோகும் வழியில் மகதத்து வயல்கள் தெரிகின்றன. நீளப் பாத்திகள், குறுக்கு வரப்புகள், வரப்பும் வரப்பும் சந்திக்கும் சதுரங்கள். இதே மாதிரி துறவிகளுக்கு ஆடை அமைக்க முடியுமா என்று புத்தர் கேட்கிறார். முடியும் என்கிறார் ஆனந்தர். வெட்டிய துண்டுகளைப் பாத்தி பாத்தியாக, வரப்பு வரப்பாக இணைத்து ஆடை செய்து கொண்டுவந்து காட்டுகிறார். சுருக்கமாகச் சொன்னதை விரிவாகப் புரிந்துகொண்டார் என்று புத்தர் அவரைச் சங்கத்தின் முன் பாராட்டுகிறார். இன்றும் தேரவாதத் துறவியின் சீவரம் என்ற ஆடையை விரித்துப் பிடித்தால் நெல்வயல் தெரியும். ஜப்பானின் ஜென் துறவிகள் கழுத்தில் தொங்கவிடும் ரகுசு என்ற சிறிய துணியிலும் அதே பாத்திக்கட்டுதான்.

ஆனால் இந்த டிசைனின் உயிர், அழகில் இல்லை. தொடக்கத்தில் துறவிகள் குப்பைமேட்டிலும் சுடுகாட்டிலும் கிடந்த கந்தலைப் பொறுக்கித் தைத்து உடுத்தினார்கள். மருத்துவர் ஜீவகன் விலையுயர்ந்த துணி ஒன்றைக் கொடுத்த பிறகு, இல்லறத்தார் தரும் துணியையும் ஏற்கலாம் என்றானது. நல்ல துணி வந்தால் என்ன செய்வது? வெட்டு. கத்தி பட்ட துணிக்குச் சந்தையில் விலை போகாது; துறவிக்குப் பொருந்தும்; பகைவனும் அதற்கு ஆசைப்படமாட்டான். இது புத்தரே சொன்ன காரணமாகப் பதிவாகியிருக்கிறது. அதோடு நிற்கவில்லை. புதுத் துணியை உடுத்துவதற்கு முன் நீலத்தாலோ சேற்றாலோ கருமையாலோ அதில் ஒரு புள்ளி வைத்தாகவேண்டும். வேர், கட்டை, பட்டை, இலை, பூ, காய் என்று சாயத்துக்கு ஆறு மூலப்பொருள்கள் அனுமதி. சாயம் கொதித்துப் பதம் வந்ததா என்று பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரிலோ நகத்தின் மேலோ விட்டுப் பார்க்கச் சொல்கிறது வினயம். சாயப்பட்டறை மாஸ்டர் எழுதிய குறிப்பு மாதிரியே இருக்கிறது.

இன்றைய ஃபேஷன் தொழிலின் தர்க்கத்துக்கு நேர் எதிர்த் தர்க்கம் இது. லிமிடெட் எடிஷன் டி-ஷர்ட் என்பது, வாங்கிய விலையை விட அதிகத்துக்கு மறுவிற்பனை ஆகவேண்டும் என்றே செய்யப்படுவது. ஆனந்தரின் ஆடை, மறுவிற்பனை மதிப்பு இருக்கவே கூடாது என்று செய்யப்பட்டது.

வட்டமும் அதட்டும் கண்களும்

படத்துக்கு மறுபடியும் வருவோம். சின்ன இடத்தில், சில கோடுகளில், கொஞ்சம் குறும்போடு ஒரு கருத்தைச் சொல்வதுதான் டி-ஷர்ட் கலை என்றால், அதன் முன்னோடிகள் 18-ஆம் நூற்றாண்டு ஜப்பானில் இருந்தார்கள்.

ஹாகுயின் (1686–1769) ஃபூஜி மலைக்கு அருகே ஹரா என்ற சாலையோர ஊரின் எளிய கோயிலில் வாழ்ந்த ஜென் குரு. ஆயிரக்கணக்கில் படம் வரைந்தார். கோட்டைப் பிரபுக்களுக்கு மட்டும் அல்ல. விவசாயி, வணிகர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். அவர் அதிகம் வரைந்த முகம் போதிதர்மருடையது. ஆம், காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் என்று மரபு சொல்லும் அதே போதிதர்மர், ஜப்பானியருக்கு தருமா. ஹாகுயினின் தருமாவுக்குக் கண்கள் மூடியிருக்காது. தூங்குமூஞ்சி மாணவனைப் பிடித்துவிட்ட வாத்தியார் மாதிரி முட்டைக்கண்ணால் அதட்டுவார். இன்று ஜப்பானிய டி-ஷர்ட்களில் அடிக்கடி காணும் முகங்களில் ஒன்று இது. ஸ்பா புத்தரின் சாந்தத்துக்கு இது நல்ல மருந்து.

அடுத்தவர் செங்காய் (1750–1837). ஹகாதாவில் இருந்த ஜென் துறவி. தூரிகையை ஒரே வீச்சில் சுழற்றிப் போடும் வட்டத்துக்கு என்சோ என்று பெயர். முழுமை, வெறுமை இரண்டையும் குறிப்பதாகச் சொல்வார்கள். அப்படி ஒரு வட்டத்தைப் போட்டுவிட்டு, இதைத் தின்றுவிட்டு டீ குடி என்ற பொருளில் பக்கத்திலேயே எழுதிவைத்தார் செங்காய். பிரபஞ்சத் தத்துவத்தைப் பலகாரமாக்கிய இந்தக் கிண்டல் அப்படியே டி-ஷர்ட்டுக்குப் போகலாம். போயும் இருக்கிறது: என்சோ வட்டம் இல்லாத ‘ஜென்’ பனியன் கடையே கிடையாது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கம்ப்யூட்டரில் தரவிறக்கிய தூரிகைத் தடங்கள். திருத்த முடியாத ஒரே வீச்சு என்பதுதான் என்சோவின் மதிப்பு. பத்து முறை சரிசெய்த என்சோவில் மிஞ்சுவது வட்டம் மட்டும்.

இந்த மரபை இன்றைய சந்தைக்குள் நடத்திக்கொண்டு வந்தவர்களில் பெரிய பெயர் தகாஷி முரகாமி. மரபான நிஹோங்கா ஓவியத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். உயர்கலை, கடைச்சரக்கு என்ற பிரிவினையை ஒப்புக்கொள்ளாதவர். சிரிக்கும் பூக்களை அருங்காட்சியகச் சுவரிலும் யுனிக்ளோ டி-ஷர்ட்டிலும் ஒன்றுபோலப் போடுபவர். 2007 வாக்கில் தருமாக்களை வரைந்தார். 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் சுனாமியும் ஜப்பானைப் புரட்டிப்போட்ட பிறகு 100 மீட்டர் நீளத்தில் ‘ஐந்நூறு அருகதர்கள்’ (ஞானம் பெற்ற சீடர்கள்) ஓவியத்தை முடித்தார். 2012-ல் தோஹாவில் அது காட்சிக்கு வந்தது. அதற்கும் ஒரு முன்கதை உண்டு: 1850-களில் எடோ (இன்றைய டோக்கியோ) நகரம் நிலநடுக்கத்தில் சிதைந்த காலத்தில், கானோ கசுனோபு என்ற ஓவியர் இதே ஐந்நூறு அருகதர்களை சோஜோஜி கோயிலுக்காக நூறு சுருள்களில் வரைந்துகொண்டிருந்தார். பேரழிவுக்குப் பின் மனிதருக்கு அருகதர்கள் தேவைப்படுகிறார்கள். கனிந்த ஒரே முகமாக அல்ல. கோணலும் சுருக்கமும் மூக்கு மயிருமாக, ஐந்நூறு விதமான கிழவர்களாக.

முரகாமியிடம் கேட்கவேண்டிய கேள்வியும் உண்டு. கண்காட்சி வாசலில் பொருள் வாங்க வரிசை நிற்கிறது. வாங்கியது மறுநாளே இணையத்தில் பலமடங்கு விலைக்கு ஏறுகிறது. பற்றை விடச் சொன்ன மரபின் படங்கள் பற்றைக் கிளப்பும் பண்டமாகின்றன. 1986-ல் நியூயார்க்கில் ‘பாப் ஷாப்’ திறந்த ஓவியர் கீத் ஹாரிங், தன் கலை சாதாரண மக்களின் கைக்கு எட்டவேண்டும் என்றுதான் டி-ஷர்ட்டைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் கணக்கில் ஹாகுயினுக்கு நெருக்கமானவர் ஹாரிங்தான்.

நாக்பூரின் வெள்ளை

இதுவரை சொன்னதை வைத்து, முகத்தைப் போடுவதே தவறு என்று முடிவுகட்டினால், அம்பேத்கரின் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று மும்பை தாதருக்குப் போய்ப் பார்க்கவேண்டும். அவருடைய நினைவிடமான சைத்யபூமியை நோக்கி லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். சிவாஜி பூங்காவில் புத்தகக் கடைகளுக்கு நடுவே புத்தர், அம்பேத்கர் படம் போட்ட டி-ஷர்ட்கள், நீலத்தில் ‘ஜெய் பீம்’. இங்கே புத்தர் முகம் அறை அலங்காரம் அல்ல. அதை அணிந்திருப்பவர், தன் தாத்தா எதிலிருந்து வெளியேறினார் என்பதை நெஞ்சில் எழுதிக்கொண்டு நடக்கிறார்.

மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்குப் பிணத்தின் துணியையே உடையாக விதிக்கிறது. புத்தரின் துறவிகள் அதே சுடுகாட்டுத் துணியைத் தாமே விரும்பி எடுத்து உடுத்தினார்கள். இழிவின் அடையாளமாக இருந்ததைச் சங்கத்தின் சீருடையாக்கினார்கள். அம்பேத்கர் மறுமுனையிலிருந்து வந்தார். கந்தல் திணிக்கப்பட்ட மக்களிடம் கந்தலின் பெருமையைப் பேச முடியாது. 1927-ல் மகாடில் கூடிய பெண்களிடம், சாதியைக் காட்டிக்கொடுக்கும் உடுத்தும் முறையைக் கைவிடச் சொன்னார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அவரோடு பௌத்த தம்மம் ஏற்ற லட்சக்கணக்கானோர் தூய வெள்ளை உடுத்தி வந்தார்கள். துறவிக்கு வெட்டிய துணி, ஒடுக்கப்பட்டவருக்கு வெளுத்த துணி: நோக்கம் ஒன்றுதான். உடையை வைத்து மனிதரை அளக்கும் கோலை முறிப்பது.

மார்பை மறைக்கத் தோள்சீலை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடிய குமரி மாவட்டத்து வரலாறு தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நெஞ்சின் மேல் என்ன துணி இருக்கலாம் என்பது இந்த நாட்டில் ஒருபோதும் வெறும் ஃபேஷனாக இருந்ததில்லை. ஆகவே டிசைனர் முதலில் கேட்கவேண்டியது ‘என்ன படம்’ என்றல்ல, ‘யார் போட்டுக்கொள்ள’ என்று.

திருப்பூரில் சாயத்தை எடுப்பவர்கள்

இரண்டாவது கேள்வி, எப்படிச் செய்வது. இங்கே கதை திருப்பூருக்கு வந்தே ஆகவேண்டும். உலகின் எந்த மூலையில் வடிவமைத்தாலும், பின்னலாடை என்றால் ஆர்டர் வந்து இறங்கும் ஊர்களில் இது ஒன்று.

சாதாரணமாக நாம் காணும் பிரிண்ட் பிளாஸ்டிசால் மையில் வருவது. பிவிசி கலந்த மை துணியின் மேல் ஒரு தோல்போல உட்காரும், தடவினால் கைக்குத் தட்டுப்படும், நாள்பட்டால் வெடிக்கும். இன்னொரு முறை டிஸ்சார்ஜ் பிரிண்ட். ரியாக்டிவ் சாயம் ஏற்றிய அடர்நிறக் காட்டன் துணியை டேபிளில் போட்டு, ஸ்கிரீன் வழியாக ஒரு பேஸ்ட்டை இழுக்கிறார்கள். இழுத்தவுடன் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஈரத்தடம் மட்டும். கியூரிங் மெஷினின் சூட்டுக்குள் போய் வரும்போதுதான் வேலை நடக்கிறது: பேஸ்ட் பட்ட இடத்தில் சாயம் அழிந்து, துணியின் பழைய நிறம் வெளியே வருகிறது. தடவிப் பார்த்தால் கைக்கு எதுவும் தட்டுப்படாது. எதையும் மேலே பூசாமல், இருந்ததை நீக்கியே உண்டான படம். கறுப்புத் துணியில் ஒரு வெற்று இருக்கையையோ என்சோவையோ போட இதைவிடப் பொருத்தமான முறை இல்லை.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. டிஸ்சார்ஜ் பேஸ்ட்டில் ஃபார்மால்டிஹைடு வெளியிடும் வேதிப்பொருள் இருக்கும். காற்றோட்டம் இல்லாத யூனிட்டில் கண் எரியும். துணியை நன்றாக அலசியாகவேண்டும். அலசிய தண்ணீர் எங்கே போகும்? நொய்யல் ஆற்றைக் கேட்டால் சொல்லும். சாயக்கழிவு பிரச்சினையில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு கட்டாயமானது இந்தச் சாயக்கழிவு வழக்குகளின் விளைவு. ஒரு காட்டன் டி-ஷர்ட்டுக்குப் பருத்திக்காடு தொடங்கிச் செலவாகும் தண்ணீர் சுமார் 2,700 லிட்டர் என்பது உலகெங்கும் எடுத்தாளப்படும் கணக்கு. ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றுகிறது என்பது பௌத்தத்தின் அடிப்படைப் பாடம். ஒரு பனியனுக்குப் பின்னால் பருத்தி விவசாயி, நூற்பாலைப் பெண், டைலர், சாயம், ஆறு எல்லாம் நிற்கின்றன. இவை எல்லாவற்றையும் கணக்கில் எடுக்காமல் நெஞ்சில் தாமரை போட்டால் அது அச்சு மட்டும்தான்.

தாய்லாந்தில் சமுத் பிரகான் மாகாணத்தின் வாட் சாக் தேங் என்ற கோயில் இந்த வழியில் யோசித்தது. பிளாஸ்டிக் பாட்டில்களைச் சேகரித்து, இழையாக்கி, பருத்தியோடு கலந்து சீவரம் தைக்கிறார்கள். குப்பைமேட்டுத் துணி மறைந்த காலத்தில் குப்பைமேட்டு பாட்டில். ஆனந்தர் ஒப்புக்கொண்டிருப்பார்.

கடைசிப் பரீட்சை

அந்த ஆனந்தரிடம் கோசாம்பி மன்னன் உதயணன் ஒருமுறை குறுக்குவிசாரணை நடத்தினான். அரசனின் அந்தப்புரத்துப் பெண்கள் ஆனந்தருக்கு ஐந்நூறு மேலாடைகள் கொடுத்துவிட்டார்கள். இத்தனை துணியை வைத்துக்கொண்டு ஒரு துறவி என்ன, கடையா திறக்கப்போகிறார் என்று அரசனுக்கு ஆத்திரம். ஆடை நைந்துபோன துறவிகளுக்குப் பகிர்ந்து கொடுப்பேன் என்றார் ஆனந்தர். அந்தப் பழைய ஆடைகள்? படுக்கைவிரிப்பு. பழைய விரிப்புகள்? மெத்தையுறை. பழைய உறைகள்? தரைவிரிப்பு. அது நைந்தால் கால்மிதி, பிறகு தூசி துடைக்கும் துணி. அதுவும் கிழிந்தால் நறுக்கி, களிமண்ணோடு குழைத்துத் தரைக்குப் பூசுவோம். அரசன் வாயடைத்து, மேலும் ஐந்நூறு கொடுத்தான் என்று முடிகிறது கதை.

இந்த வரிசை நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டு மெக்கானிக் ஷாப் எதிலும் கிரீஸ் துடைக்கக் கிடப்பது பனியன் வேஸ்ட். வீட்டில் பழைய டி-ஷர்ட் முதலில் இரவு உடையாகும், பிறகு வண்டி துடைக்கப் போகும், கடைசியில் அடுப்பங்கரைக் கரித்துணி. காட்டன் பனியன் இயல்பாகவே ஆனந்தரின் வழியில்தான் போகிறது.

புத்தர் முகம் அச்சிட்ட பனியன் மட்டும் இந்தப் பாதையில் பாதியில் நின்றுவிடும். அதை வைத்து வண்டி துடைக்க யாருக்கும் கை வராது. கால்மிதியாகப் போட்டால் சண்டை வரும். தூக்கி எறியவும் மனம் ஒப்பாது. அலமாரியின் அடியில் மக்காமல் கிடக்கும். எதுவும் நிலைப்பதில்லை என்று போதித்தவரின் படம், ஒரு துணியை அதன் இயல்பான முடிவுக்குப் போகவிடாமல் தடுக்கிறது. பாத்தி கட்டிய வயலுக்கும், காலி இருக்கைக்கும், ஒரே வீச்சில் விழுந்த வட்டத்துக்கும் இந்தச் சங்கடம் குறைவு. கரித்துணியாகும்போதும் அவை சொல்ல வந்ததையே சொல்லிக்கொண்டிருக்கும்.

பௌத்தத்தை டி-ஷர்ட்டில் கொண்டுவர நினைக்கும் டிசைனருக்கு ஆனந்தர் வைக்கும் பரீட்சை இதுதான்: உன் படம் ஷோரூமில் எப்படித் தெரிகிறது என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். பத்து வருடம் கழித்து அதே துணியால் ஒருவர் கூச்சமில்லாமல் தரையைத் துடைக்க முடியுமா என்று நீ பார்.